உப்பு படாத வட்டம்

வயலில் போடும் யூரியாவில் கொஞ்சம் பயிருக்குப் போகிறது, கொஞ்சம் வாயுவாகி மேலே போகிறது. அப்படி மேலே போவதைப் பிடித்துக் குப்பியில் அடைப்பது என் வேலையாக இருந்தது. வாயுவின் பெயர் நைட்ரஸ் ஆக்சைடு. நாட்டின் விளைநிலங்களிலிருந்து ஆண்டுக்கு ஆண்டு இது எவ்வளவு கூடுகிறது என்று கணக்கெடுக்கும் திட்டம் ஒன்றில், எண்பதுகளின் கடைசியில், ஒரு வருடத் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன்.

மண்ணில் தகர வளையம் ஒன்றைப் பதித்து, அதன்மேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்க்க வேண்டும். அரை மணி நேரத்தில் மூன்று முறை ஊசியால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்ச வேண்டும். குப்பிகள் பார்சலில் தொலைதூர ஊருக்குப் போகும். அளக்கும் எந்திரம் அங்கேதான். அளந்த எண் எனக்கு வராது. தாள்கள் ஒழுங்காக இருந்தால் வேலை நீடிக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தற்காலிக வேலையில் இருந்தவர்களுக்கு அந்த ‘இருந்தால்’ படுத்தும் பாட்டை நான் விளக்க வேண்டியதில்லை. வேலை நீடிக்க வேண்டும். ஒரே ஒரு வயலுக்காவது வந்த எண் என்ன என்று கண்ணால் பார்க்க வேண்டும். இந்த இரண்டு ஆசைகளோடுதான் நாமக்கல்லில் பஸ் ஏறுவேன்.

மடியில் பெட்டி

பெட்டியில் விரிசல் விட்டால் அன்றைய அளவு பாழ். அதனால் பரமத்தி வேலூர் பஸ்ஸில் அதை மடியில் வைத்துத்தான் உட்காருவேன். ஒருநாள் பக்கத்து இருக்கைப் பெரியவர் உள்ளே எட்டி எட்டிப் பார்த்தார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். யாராவது கேட்டால் அரைகுறையாகச் சொல்லிவிடக் கூடாது என்ற பயம் எப்போதும் உண்டு. மண்ணின் நுண்ணுயிரில் ஆரம்பித்து ஆகாயம் வரை சொல்லி முடித்தேன். அவர் மிகுந்த இரக்கத்தோடு கேட்டார்: “மீனெல்லாம் வழியிலயே செத்துப் போச்சுங்களா?”

வாயும் இடுப்பும்

வேலூரில் நல்லப்பன் அண்ணனின் கரும்பு வயல் என் பட்டியலில் இருந்தது. ஏக்கருக்கு எத்தனை மூட்டை யூரியா, பத்து வருடத்துக்கு முன்னால் எத்தனை என்று படிவத்தில் இரண்டு கட்டங்கள். “அப்ப எருவும் கொழுஞ்சித் தழையுந்தானுங்க, உப்பு ஒரு மூட்டை. இப்ப நாலு” என்றார். அந்தப் பக்கம் யூரியாவுக்கு உப்பு என்றுதான் பேர். அவருக்குப் பின்னால் நின்ற அவர் மனைவி பாவாயி அக்கா ஆறு விரல்களைக் காட்டினார்.

நான் பேனாவைத் தூக்கியபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அண்ணன் திரும்பி, “நீ கம்முனு இரு, ஆபீசுல எழுதறாங்க” என்று அதட்டினார். அக்கா அசரவில்லை. “மூட்டைய வாயில எண்ணுனது அவருங்க சாமி, கூடைய இடுப்புல வெச்சு எண்ணுனது நானுங்க.”

ஆறு என்றே எழுதினேன்.

வெளிச்சத்தில் குப்பி

பெட்டியைக் கவிழ்த்தபின் அரை மணி நேரம் அசையாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். களை வெட்ட வந்த பெண்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. “அடை உக்காந்திருக்கீங்களா சாமி?” என்பார் ஒருவர். “நாமக்கல்லுக் கோழிப் பண்ணையாட்டம் லைட்டுப் போட்டு உடுங்க, வெரசாப் பொரிக்கும்” என்பார் இன்னொருவர்.

நானும் சிரித்துவிடுவேன். ஆனால் குப்பியை மூடியதும் அதை வெயிலில் தூக்கிப் பார்க்காமல் இருக்க என்னால் முடிந்ததில்லை. நிறமில்லாத வாயு, ஒன்றும் தெரியாதென்று படித்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போகிறது, என்ன எண்ணாக மாறப்போகிறது என்று நினைத்துக்கொண்டே பார்ப்பேன். பாவாயி அக்கா ஒருநாள் சொன்னார்: “மெட்ராசுக்குப் படிக்க அனுப்புன புள்ளைய ரோட்டுல எட்டிப் பாக்கறாப்பலயே பாக்கறீங்க சாமி!”

சுற்றிப் போட்டது

கரும்புக்கு மூன்றாவது முறை உப்பு வைத்த அன்று நான் வழக்கத்தைவிட முன்னதாகவே போய்விட்டேன். அக்கா கூடையோடு ஒவ்வொரு தூராக வைத்துக்கொண்டு வந்தார். என் வளையத்தருகே வந்ததும் சேலையை ஒதுக்கிக்கொண்டு, கோலத்தைத் தாண்டுவதுபோல் தாண்டிப் போனார்.

குனிந்து பார்த்தேன். வளையத்துக்குள் முளைத்திருந்த புல் வெளுத்துக் கிடந்தது. வெளியே எல்லாம் கரும்பச்சை. இத்தனை நாள் அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறேன். வளையத்துக்குள்ளும் வழக்கம்போல் உப்பு போட வேண்டும் என்று நல்லப்பன் அண்ணனிடம் சொல்லியிருந்தேன். உப்பு போடுகிறவரிடம் சொல்லவில்லை. அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெருமையோடு சொன்னார்: “உங்க சாமானத்துக்குள்ள உப்புப் போனாக் கெட்டுப் போயிருமின்னு மூணு வாட்டியும் சுத்தித்தானுங்க போட்டேன். ஒரு மணி உள்ள உழுகலீங்க!”

ஓரக் குறிப்பு

“யாருக்குத் தெரியப்போகுது, பேசாம அனுப்பி உடு” என்றார் சேலம் அலுவலகத்தில் உடன் வேலை பார்த்த நண்பர். உண்மைதான், யாருக்கும் தெரியாது. ஆறு மூட்டை யூரியா போட்ட மண்ணிலிருந்து ஒன்றுமே வரவில்லை என்று எங்கோ ஒரு புத்தகத்தில் ஏறிவிடும், அவ்வளவுதான். இரண்டு நாள் தாள்களை அனுப்பாமல் வைத்திருந்தேன். மூன்றாம் நாள் அந்த வயலின் எல்லாத் தாள்களின் ஓரத்திலும் எழுதினேன்: ‘வளையத்துக்குள் யூரியா விழவில்லை. தவறு என்னுடையது.’

அதிகாரி இரண்டு முறை படித்தார். திட்டியிருந்தால் தேவலை. வயலைப் பட்டியலிலிருந்து அடித்தார்; பின்னால் வந்த நீட்டிப்புப் பட்டியலில் என் பெயரும் இல்லை. அன்று அவர் சொன்னது இவ்வளவுதான்: “உப்பு போடாத மண்ணையே இவ்வளவு ஒழுங்கா அளந்திருக்கீங்களே, போட்ட மண்ணை அளந்திருந்தா எவ்வளவு நல்லா இருந்திருக்கும்!”

கடைசி ஊசி

வளையத்தைப் பிடுங்கி எடுக்கப் போனேன்; பழக்கத்தில் பெட்டியும் குப்பிகளும் கையோடு வந்துவிட்டன. வருவதாக முன்னமே சொல்லி அனுப்பியிருந்தேன். வட்டத்துக்குள் மண் ஈரமாக இருந்தது. வெளுத்த புல்லில் பச்சை ஏறத் தொடங்கியிருந்தது. “உள்ளயும் போடோணுமின்னு நீங்க சொன்னத இவரு அப்பறந்தானுங்க சொன்னாரு, போன வாரமே ஒரு கை உப்பு வெச்சுத் தண்ணி கட்டி உட்டேனுங்க” என்றார் பாவாயி அக்கா. நல்லப்பன் அண்ணன் வரப்பில் தலையைக் குனிந்து நின்றார். இந்த வயல் இனிக் கணக்கில் இல்லை, இங்கே பிடித்தாலும் குப்பிகளை யாரும் அளக்க மாட்டார்கள் என்று சொன்னேன்.

அக்கா பெட்டியைத் தூக்கி என் கையில் கொடுத்தார். “அவிய அளக்காட்டிப் போறாங்க, இன்னைக்காச்சும் ஒழுங்காப் புடிச்சுட்டுப் போங்க சாமி.”

ரப்பர் மூடி வழியே வாயு நாளாவட்டத்தில் கசிந்துவிடும் என்று நன்றாகப் படித்தவன்தான் நான், இருந்தும் அன்று பிடித்த மூன்று குப்பிகளோடு பார்சல் தாளையும் நூலையும் சேர்த்தே இன்றுவரை எடுத்து வைத்திருக்கிறேன்.