மரகதம் மிஸ்ஸியின் டர்போ கார்

தலவாக்கலையில் பஸ்ஸுக்கு நின்றிருந்தபோது மரகதம் மிஸ்ஸியின் கணவர் போனில் அழைத்தார். "ஒங்க மிஸ்ஸி போயிட்டாங்க தம்பி" என்றார். நெஞ்சு வலிக்கிறது என்றவர் ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லையாம். வந்த பஸ்ஸில் ஏறாமல் அப்படியே நின்றேன்.

மிஸ்ஸி எங்கள் தேயிலைத் தோட்டத்து மருத்துவிச்சி. நான் டிஸ்பென்சரியில் மருந்து கொடுப்பவன். அவரிடம் வைத்தியம் பார்த்த உங்களில் பலருக்கு அந்தச் சின்னச் சிவப்புக் காரும் நினைவிருக்கும். ஜப்பானில் ஓடி, இங்கே இரண்டு கை மாறி வந்த டர்போ கார். வாங்கும் முன் ஹட்டன் மெக்கானிக்கிடம் காட்டினார். "முந்தி வச்சிருந்தவன் ஒயில் ஒழுங்கா மாத்தல மிஸ்ஸி. டர்போவுக்கு உசுரே ஒயில்தான். இது வேணாம்" என்றார் அவர். மிஸ்ஸிக்கோ மனம் பறிபோயிருந்தது. வாங்கிவிட்டார்.

அதோடு நிற்கவில்லை. ஆள் ஏறினால் ஏற்றத்தில் திணறுகிறது என்று கண்டிக்குக் கொண்டுபோய், எஞ்சினுக்குள் டர்போ இன்னும் அதிகமாகக் காற்றைத் தள்ளும்படி மாற்றிக்கொண்டு வந்தார். "வலி எடுத்த பொம்பளைக்கு ஏத்தம் எறக்கம் தெரியுமா?" என்று எங்களிடம் கேட்டார். உண்மைதான். ஆனால் வட்டவளை ஏற்றத்தில் பஸ்ஸை முந்திவிட்டு அவர் சிரித்த சிரிப்பில் வேறொரு சந்தோஷமும் இருந்தது. சில மாதங்களில் பின்னால் நீலப் புகை வந்தது. ஒயில் குறைந்துகொண்டே போனது. பழையபடி மாற்றிவிடச் சொன்னார் மெக்கானிக். "பாப்போம் பாப்போம்" என்று மிஸ்ஸி தள்ளிப்போட்டார்.

தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் செல்விக்குப் பிரசவ வலி கண்டது ஒரு மழைநாள் காலையில். ஆம்புலன்ஸ் வேறொருவரை ஏற்றிப் போயிருந்தது. செல்வியையும் அவள் கணவன் ரவியையும் மிஸ்ஸி தன் காரில் ஏற்றினார். நானும் கூடப் போனேன். பாதி ஏற்றத்தில் எஞ்சினுக்குள் விசில் போல ஒரு சத்தம் எழுந்து சட்டென்று அறுந்தது. பின்கண்ணாடி முழுக்கப் புகை. எவ்வளவு மிதித்தும் வண்டி இழுக்கவில்லை. மிஸ்ஸி மழையில் நடுரோட்டில் நின்று தேயிலைக் கொழுந்து ஏற்றிப் போகும் லொறி ஒன்றை மறித்தார். அந்த லொறியில்தான் குழந்தை பிறந்தது. மிஸ்ஸி என்னென்னவோ செய்து பார்த்தார். குழந்தை அழவேயில்லை. செல்வி மட்டும் பிழைத்தாள்.

முன்னமே ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தாலும் குழந்தை பிழைத்திருக்குமென்று சொல்ல முடியாது என்றுதான் டாக்டர் சொன்னார். தோட்டத்தில் யாரும் மிஸ்ஸியைக் குறை சொல்லவில்லை. செல்வி தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குத் திரும்பியதும் அவளைப் பார்க்கப் போனோம். ரவி கையெடுத்துக் கும்பிட்டான். "நீங்க இல்லாட்டி இவளும் போயிருப்பா மிஸ்ஸி."

"கும்பிடாதீங்க தம்பி" என்றார் மிஸ்ஸி, தலைகுனிந்து நின்றபடி. "வண்டி தானா நிக்கல. தாங்காதுன்னு சொன்னத கேக்காம வாங்கினேன். வேகம் பத்தலன்னு அதையும் மாத்தினேன். பொக வந்ததுக்கப்புறமும் ஓட்டினேன். பிள்ள போனதுல என் தப்பும் இருக்கு."

ரவி எழுந்து வெளியே போனான். அதன் பிறகு மிஸ்ஸியை வழியில் கண்டாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மிஸ்ஸி எஞ்சினைப் பிரித்துக் கட்டி, கண்டியில் செய்த மாற்றங்களையெல்லாம் கழற்றி எறிந்தார். பழைய டர்போ கார் வாங்கப் போகிறேன் என்று யார் வந்தாலும் உட்காரவைத்துச் சொல்வார்: "ஒயில் எப்ப எப்ப மாத்தினீங்கன்னு கேளுங்க. முழிச்சாங்கன்னா திரும்பி வந்துருங்க. வாங்கிட்டீங்கன்னா, கம்பெனி குடுத்தபடியே ஓட்டுங்க."

செல்வி மறுபடி உண்டானபோது ரவி டிஸ்பென்சரி வாசலில் வந்து நின்றான். என்னைப் பார்த்து, "மிஸ்ஸிய வீட்டுக்கு வரச் சொல்லுங்க" என்றான். உள்ளேயிருந்த மிஸ்ஸிக்குக் கேட்டுவிட்டது. கதவுக்குப் பின்னால் நின்று அழுதார். பிறகு முகம் கழுவிக்கொண்டு போனார். அந்தப் பெண் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறது.

மிஸ்ஸியின் இழவு வீட்டில் செல்வி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னிடம் சொன்னாள்: "இந்தத் தோட்டத்துல எங்களுக்கு எவ்வளவோ நடந்திருக்குங்க. உத்தியோகத்துல இருக்கிறவங்கள்ல எங்க வீட்டு வாசப்படி ஏறி, என் தப்புன்னு சொன்னது அவங்க மட்டுந்தாங்க."

மிஸ்ஸி போன பிறகு என்னிடம் மிஞ்சியிருப்பது, அன்று அந்த லயத்தில் அவர் தலைகுனிந்து நின்ற அந்த நிற்பு. எனக்கும் ஒருநாள் என் தப்பைச் சொல்லி அப்படி நிற்க வேண்டி வரும். அன்றைக்கு அவரை நினைத்துக்கொள்வேன்.