தலையைச் சுற்றி உடைத்த சிரட்டை

புக்கிட் ரம்பாயில் நான் வேலை பார்த்த தொழிற்சாலை மூடியபோது எனக்கு வயது ஐம்பத்து நான்கு. இருபது வருடம் பெயின்ட் கலந்தவனை இனி யார் கூப்பிடுவார்கள்? ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளாளுக்கு ஒரே கேள்வி: "இப்ப என்ன பண்றீங்க?" அதற்குச் சொல்ல ஒரு பதில் வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

அப்படித்தான் சிரட்டையில் இறங்கினேன். மூடிய டிரம்மில் தேங்காய்ச் சிரட்டையைக் காற்று அதிகம் புகாமல் எரித்து, புகையை நீளக் குழாயில் விட்டு, குழாய்மேல் ஈரச் சாக்கைச் சுற்றினால் மறுமுனையில் பழுப்புத் தண்ணீர் சொட்டும். சில வாரம் அசையாமல் வைத்தால் தார் அடியில் தங்கிவிடும். மேலே நிற்பதில் புளிப்பு ஆசிட்டும் பீனாலும் இருக்கும். ரப்பர் பாலை உறைய வைக்கும், பூஞ்சணத்தையும் தடுக்கும். முதல் தடவை குழாய்க்குள் தார்தான் உறைந்தது. டிரம் மூடி பறந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டில் இறங்கியது. என் புருவம் திரும்ப முளைக்கும்வரை மனைவி என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை, சிரிப்பு வந்துவிடுமாம்.

பாசார் சந்தையில் தேங்காய்ப்பால் பிழியும் கடைகளின் சிரட்டையை அடுப்புக்கரி சுடுபவர் ஒருவர் முன்பே பேசி வைத்திருந்தார். எங்கள் தாமான் குடியிருப்பின் முனையில் ஒரு கோயில். புது வண்டி வாங்கியவர்கள், நோயிலிருந்து எழுந்தவர்கள் எல்லாம் தலையைச் சுற்றித் தேங்காய் உடைப்பது அங்கேதான். சிரட்டை குவியலாகக் கிடந்தது. கேட்டதும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இத்தனை நாள் அதை ஏன் ஒருவரும் தொடவில்லை என்று அப்போதே யோசித்திருக்கலாம். நான் மாதா கோயில்காரன், திருஷ்டிக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று மூட்டை கட்டினேன்.

நியாலாஸில் சின்னதாக ரப்பர் காணி வைத்திருக்கும் ஓர் அக்கா சோதித்துப் பார்க்கச் சம்மதித்தார். அவருக்குப் பிடித்தால் சுற்றுவட்டாரக் காணிக்காரர்கள் எல்லாரும் வாங்குவார்கள். ஒரு கேன் கொடுத்தேன். சிரட்டைக்குள் இருப்பதெல்லாம் ஒரு சொட்டு வீணாகாமல் இந்தத் தண்ணீரில் இறங்கிவிடும் என்று பேராசிரியர்போல விளக்கமும் கொடுத்தேன்.

ஒரு வாரம் கழித்துப் போனேன். பால் கட்டியாக, அழகாக உறைந்திருந்தது. அக்கா காப்பி கலக்கிக் கொடுத்தார்.

"சிரட்டை எங்க கெடைக்குது தம்பி?"

பெருமையில் வாய் முந்திக்கொண்டது. கோயிலில் சுற்றி உடைத்த காய், காசே கிடையாது என்றேன். அக்கா கேனிலிருந்து ஓரடி தள்ளி நின்றார்.

"எரிச்சாச்சேக்கா. திருஷ்டியும் சேந்து எரிஞ்சிருக்கும்லா."

"ஒரு சொட்டு வீணாகாம தண்ணியில எறங்கும்னு நீங்கதானே தம்பி சொன்னீங்க?"

இருபது வருடம் கலவை பார்த்த நான் கேன் மூடியை இறுக்கித் திருகினேன். உள்ளே அவர் கணவர் படுத்திருந்தார். டயாலிசிஸ் போய் வருபவர். "இவருக்கு இப்பதான் கொஞ்சம் தேவலை. கோவிச்சுக்காதீங்க," என்றார் அக்கா. கேனை நானே தூக்கிக்கொண்டேன்.

செய்தி எனக்கு முன்னால் எல்லாக் காணிக்கும் போய்விட்டது. வேறு சிரட்டை வாங்கிக் காய்ச்சுகிறேன் என்றேன். அதே டிரம்தானே என்றார்கள். புது டிரம் வாங்கினால் அதே ஆள்தானே என்பார்கள். ஜெபமாலையைக் கீழே வைக்காத என் மனைவியும் கேனை வீட்டுக்குள் விடவில்லை. அது வேலிக்கு வெளியே நிற்கிறது. திருடக்கூட ஆள் வரவில்லை.

போன ஞாயிறும் அதே கேள்வி. சும்மாதான் இருக்கிறேன் என்றேன். வழக்கம்போல ஜோக் அடிக்கிறேன் என்று நினைத்து எல்லாரும் சிரித்தார்கள்.