எங்கள் தெருவை ஆராய வந்தவர்கள்

புஞ்சாக் ஆலாமில் இருக்கும் பல்கலைக்கழகத்தில் பதினோரு வருடம் துப்புரவு வேலை பார்த்தேன். எந்தத் துறையில் என்ன ஆராய்ச்சி நடக்கிறது என்பது துணைவேந்தரைவிட எனக்கு நன்றாகத் தெரியும் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அவர் பார்த்தது அறிக்கைகளை, நான் பார்த்தது குப்பைத் தொட்டிகளை. மருந்தியல் மாடியில் நீலக் கையுறைகள் நிரம்பி வழியும். கட்டடத் துறையில் அட்டைத் துண்டுகளும் பசையும், ஆத்திரத்தில் மிதித்து நொறுக்கிய பொம்மை வீடுகளும் கிடக்கும். ஹோட்டல் துறையில் கருகிய கேக். வணிகத் துறையில் வெறும் காப்பிக் கோப்பைகள்தான். அவர்கள் எதையும் உடைக்கவும் இல்லை, கருக்கவும் இல்லை. ஆனால் அவர்கள்தான் அதிகமாகக் களைத்துப் போயிருப்பார்கள்.

கதவுகளுக்குப் பக்கத்தில் ஆராய்ச்சிகளைப் பற்றிய சுவரொட்டிகள் இருக்கும். துடைக்கிற சாக்கில் நின்று படிப்பேன். டுரியான் தோலைக் கரியாக்கித் தண்ணீரைச் சுத்தம் செய்வது பற்றி ஒன்று. மருத்துவமனைத் தாதிகளுக்கு ஏன் முதுகு வலிக்கிறது என்று ஒன்று. கோலசிலாங்கூரில் மின்மினிப் பூச்சி பார்க்க வருகிறவர்கள் படகில் எவ்வளவு நேரம் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள் என்று இன்னொன்று. அதற்கு ஆராய்ச்சி எதற்கு? என் அக்காவைக் கேட்டிருந்தால் ஐந்து நிமிடம் என்று சொல்லியிருப்பாள்.

வேலையை விட்டு நின்ற பிறகுதான் வேடிக்கை ஆரம்பித்தது. எங்கள் தாமான் குடியிருப்பு ஈஜோக் சாலையை ஒட்டி இருக்கிறது. பாதிக் குடும்பங்கள் தோட்டத்து லய வீடுகளிலிருந்து வந்தவை. தமிழர், மலாய்க்காரர், வயதானவர், நோயாளி, சிறு கடைக்காரர் என்று ஆராய்ச்சிக்கு வேண்டிய எல்லாரும் ஒரே தெருவில் இருந்தோம். என்னைத் தெரிந்த மாணவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். "ஆன்ட்டி, உங்க தாமான்ல கொஞ்சம் பேரப் பாக்கணும்." நான் முன்னால் நடந்தால்தான் கேட்டுகள் திறக்கும்.

எல்லாருக்கும் காட்டியது அதே வீடுகள்தான். ஆனால் கட்டடத் துறைப் பையன் உள்ளே வந்ததும் அண்ணாந்து கூரையைப் பார்த்தான். உணவியல் பெண்கள் நேரே அடுப்படிக்குப் போனார்கள். இயன்மருத்துவம் படிக்கிற பெண் வணக்கம் சொல்லும்போதே எங்கள் முழங்கால்களைத்தான் பார்த்தாள். வணிகத் துறைக்காரர்கள் மட்டும் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள். நாங்கள் இணையத்தில் பொருள் வாங்குவோமா மாட்டோமா என்பது அவர்களுக்குத் தெரிய வேண்டியிருந்தது. எங்களிடம் இத்தனை விஷயம் இருக்கிறது என்று அதுவரை எங்களுக்கே தெரியாது.

கோளாறு எங்கள் ஆட்களிடம்தான். ஒரு பிள்ளை போராங் என்கிற கேள்விப் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்டால் அது பரீட்சை என்று தெருவே நம்பியது. பதில் சொல்வது நாங்கள், மார்க் அந்தப் பிள்ளைக்கு. நாங்கள் தப்பாகச் சொன்னால் பாவம், பிள்ளை ஃபெயில். கூரைச் சூட்டை அளக்க ஒருவன் கருவி மாட்டிவிட்டுப் போனான். அந்த வீட்டு அம்மா, பையனுக்கு நல்ல கணக்கு வரட்டும் என்று மூன்று நாளும் அதற்கு மின்விசிறி போட்டு வைத்தார். சாப்பிட்டதையெல்லாம் எழுதச் சொன்ன வாரத்தில் தெரு முழுக்கப் பாகற்காயும் கீரையும்தான். ஒற்றைக் காலில் எத்தனை வினாடி நிற்க முடிகிறது என்று பார்க்க இயன்மருத்துவப் பெண் வரப்போகிறாள் என்றதும், அறுபது தாண்டியவர்கள் சாயங்காலமானால் கேட்டைப் பிடித்துக்கொண்டு பயிற்சி எடுத்தார்கள். எதிர்வீட்டு மண்டோர், தோட்டத்தில் முப்பது வருடம் ஆட்களை விரட்டியவர், ஒவ்வொரு ஆராய்ச்சி முடிந்ததும் என்னைக் கூப்பிட்டுக் கேட்பார்.

"நம்ம தெரு பாஸா?"

"பாஸ்தான் மண்டோரே."

நானாவது தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. சொல்லப்போனால், முன்கூட்டியே வீடு வீடாகப் போய் "பாத்து நல்லபடியா சொல்லுங்க" என்று ஓதிவிட்டு வந்ததே நான்தான்.

இப்படி இருக்கும்போதுதான் மருந்தியல் துறையிலிருந்து அந்தப் பெண் வந்தாள். நம் தமிழ்ப் பிள்ளை. அப்பா பெஸ்தாரி ஜெயா பக்கம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளர் வேலையிலிருந்து விடுப்பு வாங்கிக்கொண்டு முதுகலை ஆய்வு செய்துகொண்டிருந்தாள். விடுப்பை ஏற்கெனவே ஒரு முறை நீட்டியாகிவிட்டது. அந்த மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுக்காவிட்டால், பட்டமில்லாமல் வேலைக்குத் திரும்ப வேண்டியதுதான். அவளுடைய தலைப்பு, இனிப்புநீர் எனும் சர்க்கரை நோய் உள்ளவர்கள் மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா, போடாவிட்டால் ஏன் போடுவதில்லை என்பது.

நம் பிள்ளை என்பதால் தெரு இன்னும் மும்முரமாக உதவியது. அந்த நோய் உள்ள நாற்பது வீடுகளுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வீட்டிலும் ஒரே பதில். "ஒரு நாளும் தவறுனதில்ல பாப்பா." எனக்கும் இனிப்புநீர்தான்; நானும் அப்படித்தான் சொன்னேன், அதுவும் முதல் ஆளாக. அவள் தலையாட்டி எழுதிக்கொண்டாள். பேனா மட்டும் வரவர மெதுவாக ஓடியது.

அதே நேரத்தில் சுற்றுச்சூழல் துறையிலிருந்து ஒரு மலாய்ப் பையன் எங்கள் குப்பையை ஆராய்ந்துகொண்டிருந்தான். கிளந்தான்காரன், நல்ல உயரம், காலில் ரப்பர் பூட்ஸ். சம்மதித்த வீடுகளிலிருந்து பைகளை வாங்கி, வீட்டு எண்ணை எழுதாமல் வேறு ஓர் எண் போட்டு, திடல் ஓரத்தில் தார்ப்பாய் விரித்துப் பிரித்து எடை போடுவான். அவ்வளவு அன்பாக நம் குப்பையைத் தொட்டவர் வேறு யாரும் இல்லை. ஒரு நாள் மத்தியானம் இருவரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுத் தேநீர் கொடுத்தேன். என் நேரம்.

பேச்சு அவரவர் ஆராய்ச்சிக்குப் போனது. எங்கள் தெருவில் எது அதிகம் என்று அந்தப் பெண் கேட்டாள். சோறு, குழந்தைகளுக்குக் கட்டும் அரைக்கச்சை, வாழைப்பழத் தோல் என்று அடுக்கிக்கொண்டே வந்தவன், சாதாரணமாக, "மருந்தும் நிறைய வருது" என்று மலாயில் சொன்னான். "பிரிக்காத மாத்திரை அட்டை. எத்தனையோ பையில. இதுல ஒரு வீட்டைப் பாராட்டணும். மாத்திரையைத் தமிழ்ப் பேப்பர்ல சுத்தி, காப்பித்தூள் பொட்டலத்துக்குள்ள வெச்சு, வாயைக் கட்டிப் போடறாங்க. அபாயக் குப்பையை இவ்வளவு சுத்தமா கட்டுற வீட்டை நான் பார்த்ததே இல்லை."

அந்தப் பொட்டலம் என்னுடையது.

அந்தப் பெண் கோப்பையைக் கீழே வைத்தாள். பையிலிருந்து போராங் கட்டை எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஒரு நாளும் தவறியதில்லை, ஒரு நாளும் தவறியதில்லை. "இத வெச்சு என்னா எழுதறது ஆன்ட்டி? எல்லாமே பொய்யா இருக்கே," என்றாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது. மாதம் முடிய பதினேழு நாள்தான் இருந்தது. கிளந்தான்காரன் தான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று புரியாமல் பிஸ்கட்டைக் கையில் வைத்தபடி முழித்தான்.

மறுநாளிலிருந்து மறுபடியும் வீடு வீடாக நடந்தோம். "இது பரீட்ச இல்ல. உள்ளதச் சொல்லுங்க, புள்ளைக்கு அதான் வேணும்" என்று கெஞ்சினேன். "உள்ளதத்தானே சொன்னோம்" என்று எல்லாரும் சாதித்தார்கள். மண்டோர் கோபித்துக்கொண்டார். "என்னயப் பொய் சொல்றேங்கிறியா?" நான்கு நாள் இப்படியே போனது. அந்தப் பிள்ளையின் முகம் நாளுக்கு நாள் சுருங்கியது. நான் அவள் பக்கத்திலேயே நடந்து, அவளோடு சேர்ந்து "ஏன்தான் இப்படி மறைக்கிறாங்களோ" என்று அலுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது.

சனிக்கிழமை எல்லாரையும் என் வீட்டு வாசலுக்கு வரச் சொன்னேன். பாலும் சீனியும் போடாத தே ஓ தேநீர் கொடுத்ததற்கே பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். அந்தப் பெண் ஒரு ஓரத்தில் புதுப் போராங்குகளோடு உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் மழையைப் பற்றியும் மீன் விலையைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, போராங்குகளை மறுபடியும் பைக்குள் வைக்கத் தொடங்கினாள். அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"குப்பையில கெடச்ச காப்பிப் பொட்டலம் என்னோடது லா," என்றேன். "எட்டு மாசமா நான் மாத்திரை போடல. வாங்கிட்டு வர்றேன், கட்டிப் போடறேன்."

மண்டோர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார்.

"குப்பையிலயா போட்ட? நான் எலுமிச்ச மரத்தடியில பொதச்சிட்டேன்."

"அடப்பாவி மனுசா!" என்று அவர் மனைவி எழுந்தார். "அதான் மரம் காய்க்கலியா?"

சிரிப்பு வெடித்தது. அப்புறம் யாராலும் யாரையும் நிறுத்த முடியவில்லை. தேவாலயப் பாடகர் குழுவில் முன் வரிசையில் நிற்கிற அம்மா, "அந்த மாத்திரையப் போட்டா வயிறு சும்மா இருக்குதா? நான் பாடறதா, அத அடக்கறதா?" என்று கேட்டார். மூலையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் பாய் காலையிலிருந்து நின்றுகொண்டே இருப்பவர். "மாத்திரை போட்டா நேரத்துக்குச் சாப்புடணும். கடையில எல்லாருக்கும் சோறு போடறேன், எனக்குச் சாப்புட எங்க நேரம்? தல சுத்தி விழுந்துட்டா?" என்றார். ஒருவர் தன் மாத்திரையைச் சபாக் பெர்ணத்தில் இருக்கும் தங்கைக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். யார் அதிகமாகத் தூக்கிப் போட்டது என்பதில் இருவருக்கு வாக்குவாதமே வந்துவிட்டது. அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதினாள். நடுநடுவே சிரித்தாள், கை வலித்தால் உதறிவிட்டு மறுபடியும் எழுதினாள். நான் அத்தனை சந்தோஷமாக அவளைப் பார்த்தது அன்றுதான்.

எல்லாரும் போன பிறகு என் போராங்கை எடுத்தாள்.

"ஏன் போடறதில்ல ஆன்ட்டி?"

கட்டம் கட்டமாகக் காரணங்கள் அச்சடித்திருந்தன. மறதி, பக்க விளைவு, நேரமின்மை. என் காரணம் அதில் இல்லை.

"உங்க அங்கிள் ஒரு வேள தவறாம போட்டாரு," என்றேன். "டப்பாவுல கெழம எழுதி வெச்சுப் போடுவாரு. எனக்கும் அவர்தான் எடுத்துக் குடுப்பாரு. போன வருஷம் ஒரு நாள் காலையில, அன்னிக்கு மாத்திரையப் போட்டுட்டு, செருப்பு மாட்டக் குனிஞ்சாரு. அவ்ளோதான். ஒழுங்கா போட்டவருக்கு அது என்னா செஞ்சிச்சு? எனக்கு அதப் பாத்தாலே ஆத்திரமா வருது."

இதை நான் என் மகளிடம்கூடச் சொன்னதில்லை. அவள் 'மற்றவை' என்ற இடத்தில் முழுவதையும் எழுதினாள். இடம் போதாமல் பின்பக்கமும் எழுதினாள். பிறகு எல்லாவற்றையும் பைக்குள் வைத்து, பையைக் காரில் வைத்துப் பூட்டிவிட்டு, திரும்பி வந்து செருப்பைக் கழற்றினாள்.

"போராங் தொறந்திருக்கறப்ப நான் நல்லது கெட்டது சொல்லக் கூடாது ஆன்ட்டி. சொன்னா உங்க பதில் மாறிடும், அதான் ரூல்," என்றாள். "இப்ப போராங் இல்ல, இப்ப சொல்றேன். மாத்திரை மேல உள்ள கோவத்த உங்க ஒடம்பு மேல காட்டாதீங்க. திங்கக்கெழம நானே கிளினிக்குக் கூட்டிட்டுப் போறேன். டாக்டர்கிட்ட இதே உண்மையச் சொல்லுங்க."

நான் எங்கே அழுதுவிடுவேனோ என்று பயந்து, தட்டுகளைக் கழுவ உள்ளே போனேன். அங்கே போய் அழுதேன்.

ஆய்வேட்டை நாளுக்குள் கொடுத்துவிட்டாள். சில மாதங்கள் கழித்து, தேறிய செய்தியோடு அட்டை போட்ட பிரதி ஒன்றைக் கொண்டு வந்து காட்டினாள். மண்டோர் முன்னட்டையைத் தடவிப் பார்த்து, "பாஸ்" என்று தெருவுக்கே அறிவித்தார். யார் பெயரும் உள்ளே இல்லை, எல்லாரும் எண்கள்தான். எலுமிச்சை மரம் யாருடையது, பாட்டு யாருடையது என்று எனக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. நான் ஒன்றாம் எண். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த ஆங்கில வரியை மெதுவாகப் படித்தேன். மருந்து உட்கொள்வதில்லை, காரணம் கணவரின் மரணம் என்று இருந்தது.

எண்ணிப் பார்த்தேன். அந்தத் திங்கட்கிழமை கிளினிக்குப் போய் வந்ததிலிருந்து, அன்று காலையில் போட்டதோடு சேர்த்து, நான் மாத்திரையைத் தவறவிடாத நூற்றுப் பன்னிரண்டாவது நாள் அது. அவள் இத்தனை பாடுபட்டு உண்மையாக்கிய புத்தகத்தில் என் வரி பொய்யாகிவிட்டது. அவளிடம் சொன்னேன். திருத்த முடியாது என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்துக்கொண்டாள்.