சூசை அண்ணன் கேட்ட கடிதம்

எங்கள் ஆக்லாந்து தமிழ்ச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் அன்று காலை வடையா போண்டாவா என்று விவாதம் ஓடிக்கொண்டிருந்தது. ஆண்டுவிழாச் சாப்பாட்டுக்கு. அதன் நடுவில் ஒரு வரி வந்து விழுந்தது: "பிளம்பர் சூசை காலமானார்." மவுண்ட் வெல்லிங்டனில் ஒரு வீட்டுத் தரைக்கு அடியில் ஊர்ந்துபோய்க் குழாய் மாற்றிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த அரைமணி நேரம் கும்பிடும் கை எமோஜிகளாக வந்து குவிந்தன. பாட்டனி டவுன்ஸ் கடைவாசலில் காரை நிறுத்தியபடி நானும் ஒரு ஜோடிக் கையைப் போட்டேன். பிறகு ஒருவர், வடையே இருக்கட்டும் என்று எழுதினார்.

சங்கத்து மலருக்கு அரைப் பக்கம் எழுதித் தரும்படி தலைவர் என்னிடம் சொன்னார். நான்தான் செயலாளர். "நல்லதா நாலு வார்த்தை போடுங்க. அந்த இந்தோனேசியா கதையெல்லாம் வேண்டாம்" என்றார். அண்ணனைத் தெரிந்த உங்களுக்குத் தெரியும், அந்தக் கதையை எடுத்துவிட்டால் அவரைப் பற்றிச் சொல்ல அதிகம் மிஞ்சாது. அதனால் அதைத்தான் எழுதப்போகிறேன். அச்சில் போடுவதும் போடாததும் தலைவர் இஷ்டம்.

சூசை அண்ணன் இலங்கையில் மன்னார்க்காரர். போருக்குத் தப்பி, மனைவி ஜெசிந்தா அக்காவோடு அகதியாகப் படகில் புறப்பட்டவர். நடுக்கடலில் இயந்திரம் நின்றுபோய், பல நாள் மிதந்து, கிழக்கு இந்தோனேசியாவில் பெயர் தெரியாத ஒரு தீவில் ஒதுங்கினார்கள். கரையெல்லாம் பனைமரம். அதைக் கண்டதும் படகே அலறியதாம். "காத்து எங்களைத் திருப்பி ஊருக்கே கொண்டுவந்து விட்டிட்டுது எண்டு நினைச்சம், தம்பி. நாலு பேர் இறங்கமாட்டம் எண்டு படகுக்குள்ளயே குப்புறப் படுத்திட்டாங்கள். ஆமிக்காரன் வாறான் எண்டு பாத்தா, ஒரு மனிசி வெத்திலைத் தட்டோட வாறா!" இதைச் சொல்லும்போது மட்டும் அண்ணன் வயிறு குலுங்கச் சிரிப்பார். அந்த மனிசியின் பெயர் யுஸ்தினா.

அது முப்பது வீட்டு ஊர். மின்சாரம் இல்லை. பள்ளிக்கூடம் என்று ஒரு கூரை இருந்தது, வாத்தியார் மாதத்தில் சில நாள் வந்தால் அதிகம். கிழக்குக் காற்று வீசும் மாதங்களில் மழையும் கிடையாது, கடல் கொந்தளிப்பதால் படகும் வராது. இவர்கள் போய் இறங்கியது அந்த மாதத்தில். அதிகாரிகள் வந்து கூட்டிப்போக நாற்பது நாளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை ஊர்க்காரர்கள் இடித்த சோளத்தையும் மரவள்ளியையும் இவர்களோடு பங்குபோட்டுக்கொண்டார்கள். ஜெசிந்தா அக்காவுக்குக் காய்ச்சல் முற்றியபோது, மூங்கிலில் சேலையைத் தூளியாகக் கட்டி, நான்கு பேர் ஐந்து மணி நேரம் மலை ஏறி, வண்டி போகும் சாலைவரைக்கும் சுமந்தார்கள். சுமந்தவர்களில் ஒருவன் யுஸ்தினாவின் மகன். அவனுடைய மனைவி முந்தைய வருஷம் பிரசவ வலியோடு இதே பாதையில் இதே மாதிரிச் சுமக்கப்பட்டு, பாதி வழியில் செத்தவள். அக்கா பிழைத்துவிட்டார்.

இனி அண்ணன் சிரிக்காமல் சொன்னது. தினமும் காலையில் இவர்கள் தங்கிய குடிசை வாசலில் ஒரு பீப்பாய்த் தண்ணீர் இருக்கும். கடல் உப்பு உடம்பெல்லாம் கடிக்க, நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? குளித்தார்கள். தலைக்கும் ஊற்றிக்கொண்டு, துணியையும் அலசிக் காயப்போட்டார்கள். மறுநாளும் பீப்பாய் நிறைந்திருந்தது. மறுபடியும் குளித்தார்கள். ஒன்பதாவது நாள் விடியலில் அண்ணன் சும்மா யுஸ்தினாவின் பின்னால் நடந்துபோனார். ஒன்றரை மணி நேரம் மேட்டில் ஏறினால் பாறை இடுக்கில் ஓர் ஊற்று. ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையும்வரை காத்திருந்து, மொண்டு, கேனில் ஊற்றி, மறுபடி காத்திருக்க வேண்டும். ஊர்ப் பெண்கள் முறைவைத்துச் சுமந்தது அது. ஊர் குடிக்கிற தண்ணீர். "விருந்தாளி எண்டு ஒருத்தர் ஒரு சொல்லுச் சொல்லேல்லை. நாங்கள் குளிச்சு முடிக்க, அதுகள் அரைவாய் குடிச்சுக்கொண்டு கிடந்திருக்குதுகள்" என்றார்.

முகாம்களில் ஆறு வருஷம் கிடந்து, பிறகு ஆக்லாந்துக்கு வந்து, பிளம்பிங் படித்து லைசென்ஸ் எடுத்தார். அவர் ஏன் அந்தத் தொழிலைத் தேர்ந்தெடுத்தார் என்று உங்களில் யாராவது கேட்டதுண்டா? நான் கேட்டதில்லை. ஊற்று மேட்டில் இருக்கிறது, குழாய் போட்டால் மோட்டார்கூட வேண்டாம், தண்ணீர் தானாக இறங்கிவரும் என்று அவராகத்தான் சொன்னார். வேலை முடிந்த இடங்களில் மிஞ்சிய கறுப்புக் குழாய்ச் சுருள்களை முதலாளியிடம் கேட்டு வாங்கி, கராஜில் கூரைவரை அடுக்கினார். கார் வெளியே மழையில் நின்றது.

குழாய்களைக் கப்பலில் அனுப்ப ஒரு தொண்டு அமைப்பின் கடிதம் வேண்டும், இல்லையென்றால் அங்கே சுங்கத்தில் முடக்கிவிடுவார்கள் என்று கப்பல் முகவர் அவரிடம் சொல்லியிருக்கிறார். நம் சங்கம் பதிவுபெற்ற தொண்டு அமைப்பு. அண்ணன் நம்மிடம் கேட்டது அந்த ஒரு கடிதத்தைத்தான். வேறு எதையும் கேட்கவில்லை. மண்டபத்துச் சமையலறைக் குழாயையும் கழிப்பறைகளையும் கூலி வாங்காமல் பழுதுபார்த்த மனிதர் அவர்.

கூட்டத்தில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன். ஒருவர், "அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லையே?" என்றார். இன்னொருவர் குரலைத் தாழ்த்தி, "போட்ல வந்தவங்க விஷயத்துல நம்ம லெட்டர்ஹெட் எதுக்கு? நாளைக்கு இமிக்ரேஷன்ல யாராவது கேட்டா?" என்றார். நாங்கள் விமானத்தில் வந்தவர்கள், கையில் பட்டமும் விசாவும் வைத்திருந்தவர்கள். அண்ணன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். தாழ்த்திய குரலும் அவருக்குக் கேட்டது. நான் எழுந்து, "அடுத்த மீட்டிங்ல பாத்துக்கலாம்ணா" என்றேன். அடுத்த கூட்டத்திலும் அதையே சொன்னேன். மூன்று வருஷம் சொன்னேன். ஒருமுறைகூட அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்திவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

போன மாதம் என் வீட்டு வெந்நீர் சிலிண்டரைச் சரிசெய்ய வந்தார். வேலை முடிந்ததும் என் மகன் குளிக்கப் போனான். இருபது நிமிடமாகியும் ஷவர் சத்தம் நிற்கவில்லை. அண்ணன் கூடத்தில் பையைத் தூக்கியபடி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாகி, கதவைத் தட்டி அவனை அதட்டினேன். "ஃபைவ் மோர் மினிட்ஸ், டாட்" என்று உள்ளிருந்து பதில் வந்தது.

"பிள்ளையை விடுங்கோ. இஞ்ச தண்ணி இருக்கு, அவன் குளிக்கட்டும்" என்றார் அண்ணன். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் திரும்பினார். "தம்பி, யுஸ்தினாவுக்கு முழங்கால் ஏலாமப் போச்சாம். இப்ப பேத்தி பள்ளிக்கூடத்தை விட்டிட்டுத் தண்ணிக்குப் போறாளாம். அந்தக் கடிதம்…"

"கண்டிப்பாண்ணா. விழா முடியட்டும்" என்றேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஜெசிந்தா அக்காவைப் பார்க்கப் போனேன். யுஸ்தினாவின் பேச்சைப் பதிந்து, பேத்தி மலை உச்சிக்கு ஏறி சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அனுப்பியிருந்த குரல்செய்தியை அக்கா எனக்குப் போட்டுக் காட்டினார். காற்றின் இரைச்சலுக்கு நடுவே ஒரு கிழட்டுக் குரல். எதையோ திரும்பத் திரும்பக் கேட்டது.

"என்னக்கா சொல்றாங்க?"

"இவரைக் குளிப்பாட்டிறதுக்குத் தண்ணி கிடைச்சதோ எண்டு கேக்கிறா." அக்கா போனைக் கவிழ்த்து வைத்தார். "ஓம், நிறையக் கிடைச்சது எண்டு சொன்னனான்."

வீட்டுக்கு வந்து கணினியைத் திறந்தேன். சங்கக் கடிதத்தாளில் தேதி போட்டு, இன்ன பொருள், இன்ன ஊருக்கு, நன்கொடையாக என்று அடித்து, கையெழுத்திட்டு, முத்திரை குத்தி, தலைவரைக் கேட்காமல் அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அக்கா படித்துப் பார்த்தார். அழவில்லை. "நல்ல வடிவா எழுதியிருக்கிறீங்கள், தம்பி. இனி ஆர் அங்க போய்க் குழாயைப் பூட்டிறது?" என்று என்னிடமே திருப்பித் தந்துவிட்டார்.

அண்ணனின் ஞாபகமாக என்னிடம் இருப்பது அந்தத் தாள் ஒன்றுதான். அதை எழுதி முடிக்க எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை.