காம்பவுண்டுச் சுவர்மேல் ஒரு தொன்னை

எலி விஷயத்தில் எனக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டாம். செங்கம் ரோட்டில் நாலு அறைகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்துகிறவள் நான். பௌர்ணமி வந்தால் கிரிவலக் கூட்டம் வரும். கூட்டம் வந்தால் அன்னதானம். அது முடிந்தால் சாக்கடை ஓரமெல்லாம் சோறும் தொன்னையும்தான். எலிக்கு இதைவிடப் பெரிய கல்யாண வீடு வேறெங்கே கிடைக்கும்?

முதலில் ஓட்டைகளை அடைப்பேன், குப்பையை இறுக மூடிவைப்பேன். அதற்கும் மசியாத எலிக்குத்தான் மருந்து. அதுவும் பூட்டுப் போட்ட எலிப்பெட்டிக்குள், நகராதபடி சுவரோரம் பொருத்தியிருக்கும். எலி நுழையத் துளை உண்டு. நாயின் வாயோ குழந்தையின் கையோ மருந்துவரை எட்டாது. கையுறை போடாமல் தொட மாட்டேன். செத்த எலி கண்ணில் பட்டால் காக்கை கொத்துவதற்குள் எடுத்து ஆழமாகப் புதைத்துவிடுவேன். சாவி என் இடுப்பில்தான் இருக்கும். தங்க வருகிறவர்கள் பார்த்துச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கு இந்தப் பொறுமை கிடையாது. போன வருடம் அவருடைய புது வண்டியின் ஒயரை எலி கடித்துவிட்டது. மனிதர் கொதித்துப்போனார். மறுநாள் பௌர்ணமி. நான் மாடியில் படுக்கை விரிப்புகளை மாற்றிக்கொண்டிருந்த நேரத்தில், கடையில் எலி மருந்துப் பொடி வாங்கிவந்து, தெருமுனையில் கொடுத்த அன்னதானப் பொங்கலில் கலந்து, அதே தொன்னையிலேயே வைத்துவிட்டார். எங்கே வைத்தார் தெரியுமா? காம்பவுண்டுச் சுவர்மேல்.

மத்தியானம் நான் இறங்கி வந்ததும் பெருமையாகச் சொன்னார்.

“நாய்க்கு எட்டக் கூடாதுன்னுதான் மேல வச்சேன். எனக்கும் வெவரம் தெரியும்.”

“நாய்க்கு எட்டாது. மனுஷனுக்கு?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் தெருவில், கை நிறைய வாங்கியவர்கள் மிஞ்சிய தொன்னையைக் கீழே போட மனம் வராமல் ஏதாவது ஒரு சுவர்மேல் வைத்துவிட்டுப் போவார்கள். பசித்தவர் எடுத்துச் சாப்பிடுவார். யார் வைத்தது, எதற்கு வைத்தது என்று யாரும் கேட்பதில்லை. மிளகு போட்ட பொங்கலில் கறுப்பாகக் கொஞ்சம் பொடி கலந்திருந்தால் யார் கண்டார்கள்?

வாசலுக்கு ஓடினேன். சுவர்மேல் தொன்னை இல்லை.

எங்கள் கேட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் ஒரு சாமியார் இருக்கிறார். வருடக்கணக்காகப் பழக்கம். காலை டீ எங்கள் வீட்டிலிருந்துதான் அவருக்குப் போகும். அவர் அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“மருந்துப் பாக்கெட்ட எடுத்துக்கினு வாங்க, ஆஸ்பத்திரில காட்டணும். ஆட்டோவக் கூப்புடுங்க” என்று வீட்டுக்காரரிடம் கத்திவிட்டு ரோட்டைத் தாண்டினேன்.

“சாமி, எங்க செவுத்து மேல பொங்கல் இருந்துச்சே, சாப்ட்டீங்களா?”

“இல்லம்மா. நான் முனையிலயே சாப்ட்டேன்.”

உயிர் வந்தது. அவர் தன் துணிப்பைக்குப் பின்னால் கையை விட்டு, இலை போட்டு மூடிய ஒரு தொன்னையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“பௌர்ணமின்னா நீங்க சாயங்காலம் வரைக்கும் பட்டினிதான், பாத்துக்கினுதான இருக்கேன். காக்கா தட்டிடும்னு உங்களுக்கு எடுத்து வச்சேன். ஆறிப்போச்சு, பரவால்லியா?”

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். திரும்பினால் வீட்டுக்காரர் மருந்துப் பாக்கெட்டும் கையுமாக நிற்கிறார். அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். கிழிகிழி என்று கிழிக்கத்தான் நினைத்திருந்தேன். வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

சாமியாரிடம் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். சோப்புப் போட்டுக் கையை நன்றாகக் கழுவச் சொன்னேன், நானும் கழுவினேன். தொன்னையைக் குப்பைத்தொட்டியில் போட்டால் மாடு மேயும். அதனால் இரண்டு கவரில் கட்டி, மீதிப் பொடியோடு பூட்டிவைத்து, மறுநாள் குப்பை வண்டி வந்ததும் விஷம் என்று சொல்லித் தனியாகக் கொடுத்தேன். அன்று முதல் எங்கள் வீட்டில் சாப்பிடும் பொருள் எதிலும் மருந்து கலப்பது கிடையாது. வண்டி முழுவதையும் எலி தின்றாலும் சரி.

அடுத்த பௌர்ணமி மத்தியானம் நான் மாடியிலிருந்து இறங்கியபோது வீட்டுக்காரர் தொன்னையோடு காத்திருந்தார். அவரே வரிசையில் நின்று, அண்டாவிலிருந்து அள்ளிப் போடுவதைப் பார்த்து வாங்கி, வழியில் எங்கும் வைக்காமல் கொண்டுவந்த பொங்கல். படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். எதிரே சாமியார் பார்த்துச் சிரித்தார்.

“ஏங்க, நீங்களும் உக்காருங்க” என்றேன்.

“இருக்கட்டும். நீ மொதல்ல சாப்டு” என்றார்.

கடைசி வாய் உள்ளே போகும்வரை அவர் உட்காரவில்லை.