பத்து நாள் ஒத்தடம்

என் கணவர் மாரண்டஹள்ளியில் தையல்காரர். இடுப்பு மூட்டு தேய்ந்துபோனதால் சென்னையில் ஆபரேஷன் செய்து உலோக மூட்டு வைத்தார்கள். இரண்டு வருடம் நன்றாகவே நடமாடினார். போன ஆடியில் தொடை இடுக்கில் வீக்கமும் வலியும் வந்தன.

தர்மபுரியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், “மூட்டு நல்லாத்தான் இருக்குது. ஆனா உள்ள நீர் கோத்திருந்தா இதுல தெரியாதுங்க. சேலத்துல ஸ்கேன் எடுத்துடுங்க” என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் பக்கத்து சீட்டு அம்மாள், “உடம்புல இரும்பு இருந்தா ஸ்கேன் மிஷின் கரண்டு அதுல பாயுமாமே!” என்றார். அவரை ஸ்கேனுக்கு அனுப்பக் கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

“ஸ்கேன் வேணாங்க, வூட்லயே ஒத்தடம் குடுத்துப் பாக்கலாம்” என்று அவரைத் தடுத்தேன்.

பத்து நாள் ஒத்தடம் கொடுத்தேன். ஓரிடத்தில் உட்கார முடியாமல், வீக்கத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பதினோராம் நாள் குளிர்காய்ச்சல் வந்து, அவரால் காலையே ஊன்ற முடியவில்லை.

வாடகைக் காரில் சேலம் ஓடினோம். ஸ்கேன் அறையில், “கரண்டு பாயாதுங்களா?” என்று கேட்டேன். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

“இது வெறும் ஒலிம்மா, நம்ம காதுக்குக் கேக்காது. மூட்டை ஒண்ணும் செய்யாது” என்று, கருவியை முதலில் என் உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். குளிர்ந்த பசை மட்டும்தான் தெரிந்தது.

திரையில் மூட்டைச் சுற்றிக் கறுப்பாக ஒரு திட்டு. சீழ்! அன்றே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். இன்னும் சில நாள் விட்டிருந்தால் மூட்டையே கழற்றியிருக்க வேண்டுமாம்.

இப்போது மறுபடி சீழ் கட்டுகிறதா என்று பார்க்க ஸ்கேனுக்குப் போகும் நாளை நானே நினைவுபடுத்துகிறேன். எவ்வளவு அசட்டுக் கேள்வியானாலும் டாக்டரிடமே கேட்டுவிடுகிறேன்.