பச்சைப் புத்தகத்தின் பத்தாவது செப்டம்பர்

செப்டம்பர் பிறந்தால் ரௌனிக்குச் சாப்பாடு இறங்காது. எங்கள் நகராட்சியின் நூலக பஸ்ஸை முப்பது வருடமாக ஓட்டுகிறவள் அவள். வண்டியை நிறுத்தியதும் எழுந்து பின்னால் போய்ப் புத்தகம் எடுத்துக் கொடுப்பவளும் அவளேதான். பன்னிரண்டு நிறுத்தங்கள், ஒவ்வொன்றிலும் இருபது நிமிடம். கடைசி நிறுத்தம் ஹிர்விலம்பி. அங்கே ஏரிக்கரையில் தபால் பெட்டிகள் வரிசையாக இருக்கும் இடத்தில், பை ஒன்றைக் கையில் பிடித்தபடி தாஹ்வோ என்ற கிழவர் நிற்பார். அந்த உருவத்தைத் தூரத்தில் பார்த்தாலே அவளுக்கு வயிறு எரியும்.

ஏன் எரிகிறது என்று சொல்ல வேண்டுமானால் அவள் வீட்டு அலமாரியிலிருந்து தொடங்க வேண்டும். மகன் படிக்கப் போன பிறகு காலியான அறையில், சுவர் முழுக்கப் புத்தகம். இருநூற்றுப் பதினான்கு. எல்லாமே காட்டில் தனியாக மாட்டிக்கொண்டால் உயிர் பிழைப்பது எப்படி என்பதைச் சொல்லும் புத்தகங்கள். கத்தி தீட்டுவது, உறைந்த ஏரி தாங்குமா என்று பார்ப்பது, பனியில் குழி தோண்டி அதற்குள் தூங்குவது, எந்தக் காளானைத் தின்றால் மறுநாள் எழுந்திருக்கலாம் என்பது. சுவீடன் ராணுவத்தின் சட்டைப்பை அளவுப் புத்தகம் ஒன்று உண்டு. ரஷ்ய மொழிப் புத்தகம் ஒன்று உண்டு. அதில் ஓர் எழுத்தும் அவளுக்குத் தெரியாது, படங்களுக்காக வாங்கியது. நெருப்பு, தண்ணீர், தங்குமிடம், வழி என்று நான்கு தட்டுகள். நெருப்புத் தட்டின் இடது ஓரத்தில், முதல் புத்தகம் இருக்க வேண்டிய இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்கு ஓர் இடைவெளி. அவள் கணவன் வெய்யோ அதில்தான் தன் மூக்குக்கண்ணாடியை வைப்பான். அவள் பார்த்ததும் எடுத்து மேசையில் போடுவாள். கல்யாண வாழ்க்கையில் பாதி இதிலேயே போய்விட்டது.

"கையுறைய எங்க வச்சேன்னு தினம் என்கிட்ட கேக்குறவ, காட்டுல பிழைக்கறதுக்கு இருநூத்துப் பதினாலு புத்தகம் வச்சிருக்கா" என்று காப்பி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவன் சொல்லுவான். "கரடி வந்தா அதுக்குப் படிச்சுக் காட்டுவா போல."

அந்த இடைவெளிக்குரிய புத்தகம் பச்சை மெழுகுத்துணி அட்டை போட்டது. ஐம்பதுகளில் ஒரு மரவெட்டிகள் சங்கம் தன் ஆட்களுக்காக அச்சடித்தது; இருநூறோ முந்நூறோ பிரதிகள். அதில் பெரும்பாலானவை மரவெட்டிகளின் குடிசைகளிலேயே அடுப்பெரிக்கப் போய்விட்டன. நெருப்பு மூட்டச் சொல்லித்தரும் புத்தகத்துக்கு அதைவிட வேறென்ன கதி வரும்? மிஞ்சியவற்றில் ஒன்று ரௌனியின் பஸ்ஸிலேயே இருந்தது. தினமும் அவள் முதுகுக்குப் பின்னால், மூன்றாவது தட்டில், அவளோடு நூற்றுப் பத்து கிலோமீட்டர் வந்துகொண்டிருந்தது.

எண்பத்தொன்பது ஜனவரியில் அவள் வேலைக்குப் புதுசு. மைனஸ் முப்பத்துநாலு. வண்டி சறுக்கிச் சாலையோரப் பள்ளத்தில் இறங்கி, இன்ஜின் நின்றுவிட்டது. கைப்பேசி இல்லாத காலம். பனி அள்ளும் வண்டி எப்போது வருமோ, கடவுளுக்கே தெரியாது. அவள் ஒரு ஸ்புரூஸ் மரத்தடியில் குச்சி அடுக்கித் தீ மூட்டினாள். பிடித்தது. சூடு மேலே போனதும் கிளையில் இருந்த பனி மொத்தமும் பொத்தென்று விழுந்து அணைத்தது. மறுபடி மூட்டினாள், மறுபடி அதே கதை. இரண்டு தீக்குச்சிதான் பாக்கி என்ற நிலையில் வண்டிக்குள் போய் விரைத்த விரல்களால் தட்டைத் துழாவியபோது அந்தப் பச்சைப் புத்தகம் கையில் வந்தது. எண்பத்தெட்டாம் பக்கம். பனி சுமந்த கிளைக்குக் கீழே தீ மூட்டுகிறவன் மடையன் என்று அப்பட்டமாகவே போட்டிருந்தது. வெட்டவெளிக்கு வா, பச்சை மரத்துண்டு இரண்டைப் பனி மேல் போடு, பிர்ச் மரப்பட்டையை உரித்துக்கொள். அப்படியே செய்தாள். ஐந்து மணி நேரம் கழித்துப் பனி வண்டி வந்தபோது அவள் உயிரோடு நின்றாள்.

பனி வண்டிக்காரன் அவளையும் பஸ்ஸையும் மாறி மாறிப் பார்த்தான். "ஏம்மா, பின்னாடி மூவாயிரம் புத்தகம் இருக்கு. நாலைக் கிழிச்சுப் போட்டிருந்தா முதல் தடவையே பிடிச்சிருக்குமே?"

"நூலக முத்திரை குத்தினதுங்க" என்றாள் ரௌனி, பல் கிட்டிக்கொண்டிருக்க. அப்படி ஒரு யோசனையே அவளுக்கு வந்திருக்கவில்லை.

அந்த வசந்தத்தில் அவள் முதல் புத்தகத்தை வாங்கினாள். ஆக, சேகரிப்பு பிறந்ததே பச்சைப் புத்தகத்தால். அது மட்டும் சேகரிப்பில் இல்லை. பழைய புத்தகக் கடைகளுக்கெல்லாம் எழுதிப் பார்த்தாள். ஒருமுறை ஒவுலு நகரத்துக் கடையிலிருந்து ஒன்று வந்தது. ஆசை ஆசையாகப் பிரித்தால், தீ மூட்டும் அத்தியாயம் முழுவதும் கிழிக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவன் படித்த கையோடு பயன்படுத்தியும் பார்த்துவிட்டான். இன்னொருமுறை வந்தது வெறும் அட்டை. உள்ளே மீன் பண்ணைக் கணக்கு. அன்று ரௌனி சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

பத்து வருடத்துக்கு முன் புது நூலகராகத் தெல்லெர்வோ வந்தாள். வந்ததும் ஒரு விதி போட்டாள்: பஸ்ஸில் இடம் குறைவு, ஒரு வருடம் முழுக்க யாரும் இரவல் வாங்காத புத்தகம் வெளியேறும். செப்டம்பர் கடைசி நாள் மாலை பட்டியல் எடுக்கப்படும். நீக்கிய புத்தகங்களை அக்டோபரில் ஒரு வாரம் நூலக வாசலில் மேசை போட்டு விற்பார்கள். வேலை பார்க்கிறவர்கள் அந்த வாரம் தொடக்கூடாது, மிஞ்சினால் எடுத்துக்கொள்ளலாம்.

"இதுல ஒண்ணே ஒண்ணு எனக்கு வேணும், தெல்லெர்வோ" என்று ரௌனி கேட்டுப் பார்த்தாள்.

"எல்லாருக்கும் ஒண்ணே ஒண்ணுதான் வேணும். ஊருக்கு ஒரு சட்டம், வண்டி ஓட்டுறவளுக்கு ஒரு சட்டமா?"

ரௌனி கவலைப்படவில்லை. மேசை போடும் வாரம் எல்க் மான் வேட்டை வாரம். காட்டுப் புத்தகத்தை எடுக்கக்கூடிய ஆண்பிள்ளை ஒருத்தன்கூட அந்த வாரம் ஊரில் இருக்க மாட்டான். எல்லாரும் துப்பாக்கியோடு காட்டில் இருப்பார்கள். புத்தகம் மேசையில் ஏழு நாள் அனாதையாகக் கிடக்கும். எட்டாம் நாள் அவளுடையது. செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. ஒரு வருடம் யாரும் அதைத் தொடாமல் இருந்தால் போதும்.

முதல் செப்டம்பரில் தாஹ்வோ தொட்டார்.

அவர் எப்போதும் எடுப்பது கௌபாய் கதைகள்தான், ஒரு தடவைக்கு ஆறு. அன்று ஆறுக்கு மேல் பச்சைப் புத்தகத்தையும் வைத்தார். ரௌனி புத்தக அட்டையை இரவல் பதியும் கருவியில் காட்டினாள். அது பீப் என்றது. போகட்டும், அடுத்த வருடம் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த வருடமும் செப்டம்பரில் எடுத்தார். அதற்கடுத்த வருடமும். நாலு வாரம் வைத்திருப்பார், சொன்ன தேதிக்குத் திருப்பிக் கொடுப்பார், பதினொரு மாதம் அதன் பக்கமே திரும்ப மாட்டார். பட்டியல் எடுக்கப்போகிறார்கள் என்றால் மட்டும் அவருக்கு எப்படித்தான் மூக்கில் வியர்க்குமோ!

"தொலைஞ்சு போச்சுன்னு சொல்லி விலையக் கட்டிடு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றான் வெய்யோ.

"எனக்குத் தெரியும்" என்றாள் ரௌனி. மைனஸ் முப்பத்துநாலில் ஒரு தாளைக் கிழிக்காதவள் இப்போதா திருடப் போகிறாள்?

ஐந்தாம் வருடம் அவள் ஒரு வேலை செய்தாள். எண்பத்தெட்டாம் பக்கத்தில் மஞ்சள் பிர்ச் இலை ஒன்றை, காம்பு தையலைத் தொடும்படி வைத்துக் கொடுத்தாள். நாலு வாரம் கழித்துப் புத்தகம் வந்தது. இலை ஒரு நூல் நகரவில்லை. படிக்கவே இல்லை! படிக்கவும் மாட்டார், விடவும் மாட்டார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ரௌனி ஸ்டியரிங்கைக் குத்திக்கொண்டே போனாள்.

நீங்கள் கேட்கலாம், அவரிடமே கேட்டிருக்கலாமே என்று. எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் ஏன் என்று கேட்பது அவர் வீட்டுக் கதவை உதைத்துத் திறப்பதற்குச் சமம். அவர் என்ன புத்தகம் எடுத்தால் உனக்கென்ன? எனவே வருடத்துக்கு ஒருமுறை அவர் "குளிர் வந்துடுச்சு" என்பார், அவள் "ஆமா" என்பாள், கருவி பீப் என்னும். போகும்போது செய்தித்தாளில் சுற்றிய புகையூட்டிய மீன் பொட்டலத்தை ஓட்டுநர் இருக்கையில் வைத்துவிட்டுப் போவார். அந்த மீனை வெய்யோதான் தின்பான். அவள் தொட மாட்டாள்.

ஒன்பதாவது செப்டம்பரில் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. வண்டியில் வேறு யாருமில்லை. பச்சைப் புத்தகத்தைக் கருவியில் காட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"தாஹ்வோ, ஒண்ணு கேக்கணும்."

பல் பிடுங்கப் போகிறவரைப் போல அவர் முகம் மாறியது. "கேளு."

"இத நீங்க படிக்கறதில்ல."

"இல்ல."

"ஒன்பது வருஷமா எடுக்குறீங்க."

"ஒன்பதா? நான் எட்டுன்னு நெனச்சேன்."

"அப்புறம் எதுக்கு எடுக்குறீங்க?"

கிழவர் தொப்பியைக் கழற்றினார், ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்தார், தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார்.

"நீதானே பொண்ணே சொன்ன. இதே இடத்துல, இதே புத்தகத்தக் கையில வச்சுக்கிட்டு. வருஷம் பூரா யாரும் எடுக்கலன்னா தூக்கிடுவாங்கன்னு. அப்ப உன் மூஞ்சியப் பாத்தேன்."

ரௌனிக்கு நினைவு வந்தது. புது விதி வந்த வாரம். சொன்னது உண்மைதான். முகத்தில் இருந்தது சந்தோஷம். ஆனால் எங்கள் ஆட்களின் முகத்தில் சந்தோஷமும் துக்கமும் ஒரே மாதிரிதான் இருக்கும். கிழவரைக் குற்றம் சொல்ல முடியாது.

"எண்பத்தொம்பதுல உன்னப் பள்ளத்துலேருந்து இழுத்தது என் தம்பி" என்றார் அவர். "புத்தகத்தக் கோட்டுக்குள்ள கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னியாம். விடவே மாட்டேன்னியாம். அது இல்லாம நீ இந்தக் காட்டு ரோட்டுல எப்படி வண்டி ஓட்டுவ? எனக்கு அதுல ஒண்ணும் தெரிஞ்சுக்க வேண்டியதில்ல. பத்து வயசுலேருந்து காட்டுலதான் கெடக்கேன். வண்டில இருக்கட்டும்னுதான்."

அவளுக்கு வாய் வரை வந்தது. ஐயா புண்ணியவானே, அவங்க தூக்கினாத்தானே அது என் கைக்கு வரும், ஒன்பது வருஷமா நான் அதுக்குத்தானே தவம் கெடக்கேன்! கத்த வேண்டும் போல இருந்தது. கிழவரின் பையில் மீன் பொட்டலத்தின் ஓரம் தெரிந்தது. அட்டையைக் காட்டினாள். பீப்.

"அடுத்த வருஷம் எனக்கு எப்படியோ தெரியல" என்றார் தாஹ்வோ, படியில் இறங்கும்போது. "நெஞ்சத் தெறந்து பாக்கணும்ங்கறாங்க. வேற யாரையாவது எடுக்கச் சொல்லி வை."

பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

பத்தாவது செப்டம்பரில் ஹிர்விலம்பியின் தபால் பெட்டிகள் மட்டும் நின்றன. ரௌனி ஒவ்வொரு முறையும் இருபது நிமிடம் முழுதாகக் காத்திருந்தாள். யாரும் வரவில்லை, யாரும் பச்சைப் புத்தகத்தைத் தொடவில்லை. முப்பதாம் தேதி மாலை வண்டியை நூலகத்துக்குப் பின்னால் நிறுத்தினாள். உள்ளே தெல்லெர்வோ நாலு மணிக்குப் பட்டியல் எடுப்பாள். மணி மூன்று ஐம்பது. பத்து நிமிடம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். ஜெயித்தாயிற்று.

மூன்று ஐம்பத்தைந்துக்கு அவள் எழுந்து மூன்றாவது தட்டுக்குப் போனாள். எண்பத்தெட்டாம் பக்கத்தைத் திறந்தாள். இலை பழுப்பாகி அங்கேயே இருந்தது.

"செத்தும் விட மாட்டீங்களா கெழவா!" என்று காலி வண்டியில் கத்தினாள். கண் கலங்கியது, அதுவும் கோபத்தைத்தான் கூட்டியது. சட்டைப்பையிலிருந்து தன் சொந்த நூலக அட்டையை எடுத்துப் புத்தகத்தோடு கருவியில் காட்டினாள். அது பீப் என்றது. புத்தகத்தை ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில், கதவின் பையில் செருகினாள்.

வீட்டில் வெய்யோ அடுப்பில் காப்பி வைத்துக்கொண்டிருந்தான். "பச்சைப் புத்தகம் பட்டியல்ல வந்துடுச்சா?"

"வரல."

"கெழவர்தான் இல்லையே. இந்த வருஷம் யாரு எடுத்தா?"

"நான்."

வெய்யோ திரும்பிப் பார்த்தான். "அப்ப எங்க?"

"வண்டில. நாலு வாரத்துல திருப்பிக் குடுக்கணும்."

அவன் அவளுக்கும் காப்பி ஊற்றினான். காப்பி குடித்து முடித்ததும் பழக்கம் போல மகனின் அறைக்குப் போய், நெருப்புத் தட்டின் இடது ஓரத்து இடைவெளியில் மூக்குக்கண்ணாடியை வைத்தான். ரௌனி வாசலில் நின்று பார்த்தாள். அன்று அவள் அதை எடுக்கவில்லை.